பிச்சிக்கொடி நின்ற சுவர்

சங்கரன்கோவில்,
14.2.84

அன்பு மகள் பூமாரிக்கு அம்மா எழுதிக்கொண்டது. கோமதியம்மாள் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம், அங்கே உன் சுகமும் மாப்பிள்ளை ரசூல் சுகமும் பேத்தி ரசீதா சுகமும் அறிய ஆசை என்று எப்போதும்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அதில் முதல் பாதியை எழுத இந்தத் தடவை கை வரமாட்டேன் என்கிறது. பயப்படாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை. அப்பா இருக்கிறார், தம்பி காளிராஜ் இருக்கிறான், நானும் இருக்கிறேன். வீடுதான் பாதி விழுந்து எழுந்திருக்கிறது. இன்லண்டு கவரில் அடங்காது என்று காளிராஜிடம் முழுத்தாள் வாங்கிவரச் சொல்லி, மத்தியானம் வேலை ஒழிந்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கண் முன்போல இல்லை, வரி கோணிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் பொங்கல் கழிந்து வழக்கம்போல அடுத்த வீட்டுத் தங்கத்தாய் விலாசத்துக்கு வந்து, அவள் முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ரசீதா நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்றும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து இந்தியில் ரெண்டு வார்த்தை பேசுகிறாள் என்றும் எழுதியிருந்தாய், படித்துச் சிரித்தேன். அங்கே பிலாயில் குளிர் அதிகமாமே, பிள்ளைக்குச் சளி கட்டினால் ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து நெஞ்சில் ஒற்றிவிடு, சூட்டை முதலில் உன் கையில் வைத்துப் பார்த்துக்கொள். உன் பிரசவத்துக்குப் பக்கத்தில் இருந்து இதையெல்லாம் செய்ய வேண்டியவள், காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதெல்லாம் இருக்கட்டும். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அப்பா தன் வாயால் கூப்பிட்டால் ஒழிய அந்த வாசலை இனி மிதிக்கமாட்டேன், செத்தாலும் மிதிக்கமாட்டேன் என்று, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். ரோஷம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் இங்கே நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்த பிறகும் மிதிக்கமாட்டேன் என்றால் நான் வற்புறுத்த மாட்டேன்.

நீ மாப்பிள்ளையோடு ரயிலேறிப் போன மறுநாள் இங்கே என்ன நடந்தது என்று யாரோ சொல்லி உனக்குத் தெரியும், நான் எழுதியதில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் வீட்டுக்குள் வந்து நின்றுகொண்டு, வேற்று மதத்துக்காரன் பின்னால் போனவளைத் தலைமுழுகினால்தான் ஆயிற்று என்று பிடித்த பிடியாக இருந்தார்கள். பெரியப்பாதான் அதிகம் பேசினது.  அப்பா எழுந்து, முடுக்குச் சந்து வழியாக வீட்டுக்குப் பின்னால் புறவாசலுக்குப் போய், துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து, ஒரு குடம் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டார். எல்லாரும் பார்த்துவிட்டு, சரி முடிந்தது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். நான் அடுப்படியில் சுருண்டு கிடந்தேன். பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கும்போதே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டதே என்று அன்றைக்கு நான் அழுதது கொஞ்சமல்ல.

அதோடு விட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அப்பா எப்போதும் கரிவலம் ரோட்டுத் தோட்டத்தில் பம்புசெட்டில் குளித்துவிட்டு வருகிறவர்தானே, வீட்டில் குளித்து நீ பார்த்திருக்கவே மாட்டாய். நீ போன பிறகு தோட்டத்தில் குளிப்பதை விட்டுவிட்டார். தினமும் விடிந்ததும் அதே புறவாசல், அதே கல், அதே குடம். தலையில் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வந்து காப்பி குடிப்பார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். ஒருநாள் முழுகினது போதாதென்று தினம் தினம் என் பிள்ளையை முழுகுகிறாரே, இந்த மனுஷனுக்கு நெஞ்சு கல்லா என்று உள்ளுக்குள் வெந்தேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மழை பொய்த்துத் தோட்டத்துக் கிணறு வற்றி, தெருக்குழாயில் காற்றுதான் வந்தது. அப்போதும் சைக்கிளில் குடத்தைக் கட்டி எங்கெங்கோ போய்த் தண்ணீர் கொண்டுவந்து அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் குளித்தார். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் உமக்குத் தலைக்கு ஊற்றத் தண்ணீர் கேட்கிறதா என்று நான் கேட்டும், மறுநாளும் குடத்தோடு சைக்கிளை எடுத்தார். ரசீதா பிறந்த சேதி வந்த அன்று, அவர் காதில் விழட்டும் என்றே நான் தங்கத்தாயிடம் பூமாரிக்குப் பெண் குழந்தை என்று உரக்கச் சொன்னேன். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர் அதை அப்படியே துப்பிவிட்டு எழுந்துபோய், சாயந்திர வேளையில் இரண்டாம் தடவை குளித்தார். பச்சைப்பிள்ளை சேதிக்கும் தீட்டா என்று நான் அதற்குப் பிறகு அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டுவிட்டேன். சோறு வைப்பேன், அவ்வளவுதான்.

இப்போது வீட்டுக் கதைக்கு வருகிறேன். நீ படுத்திருந்த பின்அறை இருக்கிறதே, அதன் பின்சுவரில் போன சித்திரையில் மூலையிலிருந்து உத்திரம் வரைக்கும் ஒரு வெடிப்பு விட்டது. முதலில் மயிரிழை மாதிரி இருந்தது, வரவர விரல் நுழைகிற அளவுக்கு வந்துவிட்டது. ஒருநாள் அதிலிருந்து பாம்புக்குட்டி ஒன்று தலையை நீட்டியது. நான் உடனே கோவிலுக்கு ஓடி, பாம்புத் தகடு வாங்கி உண்டியலில் போட்டு, புற்றுமண் கொண்டுவந்து வெடிப்பு நெடுகப் பூசினேன். அதன்பிறகு பாம்பு வரவில்லை, அது அம்பாள் செயல், ஆனால் வெடிப்பு மட்டும் புற்றுமண்ணையும் சேர்த்து வாயைப் பிளந்தது. அப்போதுதான் காளிராஜ் அவன் சேக்காளி ஓவர்சியர் நாறும்பூநாதனைக் கூட்டிவந்தான். அந்தப் பையன் உள்ளே பார்த்தான், வெளியே பார்த்தான், சுவர் அடியில் குந்தி உட்கார்ந்து மண்ணை எடுத்துக் கசக்கினான். ஒரு பக்கம் சகதியாக இருந்தது, நாலு அடி தள்ளிக் கை போகிற மாதிரி மண் வெடித்துக் கிடந்தது. கரிசல் மண்ணு பொல்லாதது அத்தை, தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும், அஸ்திவாரத்துக்கு ஒரு பக்கம் உப்பிக்கிட்டும் மறுபக்கம் சுருங்கிக்கிட்டும் இருந்தா நடுவுல நிக்கிற சுவரு என்ன செய்யும், பிளக்கத்தான் செய்யும் என்றான். அவன் சுவரைச் சொல்கிறானா என்னைச் சொல்கிறானா என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்து அவன் கேட்டதுதான் என்னைத் தூக்கிப்போட்டது. துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் தானாக முடுக்கு வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போகிற வாட்டம்தானே இருக்கு, இதை யாரு சுவர்ப் பக்கமாத் திருப்பிவிட்டது என்று கேட்டான். நான் குனிந்து பார்த்தேன் பூமாரி. கல்லைச் சுற்றி முடுக்குப் பக்கம் ஒரு சாண் அகலத்துக்குச் சின்ன வரப்பு ஒன்று கட்டியிருந்தது, பாத்திக்கு மடை திருப்புகிற மாதிரி. பழைய மண்மேல் புது மண் அப்பி அப்பி, அன்றாடம் கை வைத்து அணைத்துவிட்ட வரப்பு. அன்றைக்குக் காலையில் வைத்த மண் இன்னும் ஈரமாக இருந்தது, அப்பாவின் விரல் தடம் அதில் அப்படியே பதிந்திருந்தது. அந்த வரப்பு தண்ணீரைக் கொண்டுபோய் விட்ட இடம் உன் பிச்சிக்கொடித் தூர். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது காந்திமதியம்மாள் டீச்சர் வீட்டிலிருந்து ஒரு குச்சி ஒடித்துவந்து நட்டாயே, அதே கொடி. ஊரில் வேப்பமரமே காய்ந்த கோடையில் அது மட்டும் எப்படிப் பச்சையாக நின்றது என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. முழுகினதாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு குடமும் அங்கேதான் போயிருக்கிறது. தலையில் ஊற்றிக்கொண்டால் கண்ணிலிருந்து வழிவது எது, குடத்திலிருந்து வழிவது எது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியுமா? அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். என்ன அத்தை மயக்கமா என்று அந்தப் பையன் பதறிவிட்டான்.

நாறும்பூநாதன் விவரமாகத்தான் சொல்லிவிட்டுப் போனான். கொடியைத் தூரோடு எடுத்துவிட வேண்டும், கல்லை வேலி ஓரமாகத் தள்ளிப் போட வேண்டும், சுவர் ஓரம் நெடுகச் செங்கல் ஜல்லி கொட்டித் தளம் போட்டு வெளிப்பக்கம் சாய்வாக வாட்டம் கொடுக்க வேண்டும், ஓட்டிலிருந்து விழுகிற மழைத் தண்ணீரைத் தகரத் தாரையில் பிடித்து வாய்க்காலில் விட்டுத் தெருவுக்குக் கடத்த வேண்டும், ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்காவிட்டால் சுவர் தாங்காது என்றான். அப்பாவிடம் காளிராஜ் சொன்னான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், கொடியை எடுக்க வேண்டும் என்றதும் எழுந்துபோய்விட்டார். மறுநாள் கொத்தனார் வந்து நின்றபோது, அது கிடக்கட்டும், மழை வந்தா பாத்துக்கிடலாம் என்று திருப்பி அனுப்பினார். காளிராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. அவனுக்கு ஒன்றும் தெரியாது, நானும் சொல்லவில்லை. பூப் பறிக்கக்கூட ஆளில்லாத வீட்டுல இது எதுக்குக் கிடக்கு என்று அரிவாளை எடுத்துக்கொண்டு போனான். அப்பா குறுக்கே போய் நின்றார், மகனை அடிக்கவில்லை, ஏசவில்லை, கொடிக்கு முன்னால் முதுகைச் சுவரில் கொடுத்து நின்றார், அவ்வளவுதான். வீடு முக்கியமா கொடி முக்கியமா என்று இவன் கத்துகிறான். அவர் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். காளிராஜின் கையிலிருந்து அரிவாளை நான்தான் வாங்கி வைத்தேன். வீடு போனால் போகட்டும் என்று எனக்கும் அன்றைக்குத் தோன்றியது, என்ன சொல்ல.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்த மழையிலும் அப்பா கல்லில் போய் உட்கார்ந்து குளித்தார், மழையில நனைஞ்சிக்கிட்டே குளிக்கிற மனுசர இப்பத்தான் பாக்கேன் என்று தங்கத்தாய்கூடச் சிரித்தாள். ஒருநாள் காலையில் நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும்போது சரசரவென்று மண் உதிர்ந்தது, திரும்பிப் பார்ப்பதற்குள் பின்சுவர் முழுவதும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. பின்அறை வானத்தைப் பார்த்தது. உன் கட்டில், நீ துணி வைத்திருந்த டிரங்குப் பெட்டி எல்லாம் மழையில் நனைந்தன. அப்பா அப்போதுதான் குளித்துவிட்டு முன்னால் வந்திருந்தார், ஒரு நிமிஷம் பிந்தியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை வேறு விதமாக எழுதியிருப்பேன்.  விழுந்த கல்லையும் மண்ணையும் அப்பா வெறுங்கையால் அள்ள ஆரம்பித்தார். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, தெரியவில்லை. காளிராஜ் உதவிக்குக் கடப்பாரையோடு வந்தபோது, ஏலே, பூமாரி கொடி உள்ள கிடக்கு, மெதுவாப் போடுலே, மெதுவாப் போடு என்றார். மக்கா, நீ போனதிலிருந்து உன் பெயரை அவர் வாயில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. காளிராஜ் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, அவனும் கையால் அள்ளினான். மூன்று பேருமாக அந்த மழையில் அள்ளினோம். தூர் நசுங்கிப் போயிருந்தது.

அதிலிருந்து ஒரு குச்சியை எடுத்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்து, மழை விட்டதும் வேலி ஓரம் நட்டார். அந்த மழையில் நனைந்ததில் காய்ச்சலும் இருமலுமாகக் கிடந்தவர், எழுந்து நடக்க முடிந்ததும் முதலில் போனது அங்கேதான். தினமும் நகத்தால் சுரண்டிப் பச்சை இருக்கிறதா என்று பார்ப்பார். தை பிறப்பதற்குள் அது காய்ந்துவிட்டது. அதை இன்னும் பிடுங்கவில்லை. கல்லை வேலிக்கு நகர்த்தியாகிவிட்டது, தோட்டத்துக் கிணற்றிலும் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் எங்கே குளிப்பது என்று தெரியாதவர் மாதிரி காலையில் காய்ந்த தலையோடு புறவாசலில் நிற்கிறார். ஈரத்தலையோடு பார்த்து நான் எரிச்சல்பட்ட மனுஷனை இப்படிப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆளும் பாதியாகிவிட்டார், சட்டை தோளில் நிற்கமாட்டேன் என்கிறது.

சுவரைத் தை மாதம் கட்டி முடித்தோம். நாறும்பூநாதன் சொன்னபடி அஸ்திவாரத்தை ஆழத் தோண்டி மணல் கொட்டி, தளமும் வாட்டமும் தாரையும் வாய்க்காலும் எல்லாம் போட்டாயிற்று. போன வாரம் பெய்த தூற்றலில் பார்த்தேன், சுவர் அடியில் ஒரு சொட்டு நிற்கவில்லை, அத்தனையும் ஓடிவிட்டது. நீயும் அங்கே குவார்ட்டர்ஸ் பின்னால் வாழை வைத்திருப்பதாக எழுதினாயே, சுவரை ஒட்டி இருந்தால் பிடுங்கித் தள்ளி வை, குளிக்கிற தண்ணீர் அங்கே தேங்காமல் பார்த்துக்கொள், மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு வாய்க்கால் வெட்டிக்கொள்ளுங்கள். நான் சொல்லவந்தது அதில்லை. சுவர் இடுப்பளவு எழும்பினபோது அப்பா கொத்தனாரிடம் நடுவில் ஒரு வாசல் நிலை வைக்கச் சொன்னார். நம் வீட்டுக்குப் பின்கதவே கிடையாதே, புறவாசலுக்கு முடுக்கைச் சுற்றித்தானே போவோம். எதுக்குப்பா என்று காளிராஜ் கேட்டதற்குக் காத்து வரட்டும் என்றார். பின்னால் வேலியைத் தாண்டினால் வண்டிப்பாதை, அதில் வந்தால் தெருவில் ஒருவர் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் வந்துவிடலாம், பெரியப்பா வீட்டையும் தாண்ட வேண்டாம். அந்த வேலியிலும் ஒரு படல் கதவு வைத்துவிட்டார். வாய்க்கால் அந்தப் புதுவாசலுக்கு முன்னால் போவதால் தாண்டுவதற்கு ஒரு பலகைக்கல் போட்டார்கள். அப்பா அதன்மேல் ஏறிக் காலை மாற்றி மாற்றி மிதித்துப் பார்த்தார். லேசாக ஆடியது. ஏம் வே, இடுப்புல பிள்ளைய வச்சிக்கிட்டு வாரவ இதுல கால வச்சா விழமாட்டாளா, எடுத்துட்டுச் சரியாப் பதியும்வே என்று கொத்தனாரைச் சத்தம் போட்டார். அவன் ஒன்றும் புரியாமல் மறுபடி பதித்தான். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது.

இதற்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். என் பிள்ளை பிறந்த வீட்டுக்குக் கொல்லை வழியாகத் திருட்டுத்தனமாக வர வேண்டுமா என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. முன்வாசலில் ஆரத்தி எடுத்து உன்னையும் மாப்பிள்ளையையும் உள்ளே கூப்பிட எனக்கு ஆசை இல்லையா? சொந்தக்காரர்களைக் கூட்டிவைத்து, நான் முழுகினது தப்பு என்று சொல்ல அவருக்குத் தெரியாது பூமாரி. வாயால் கூப்பிடவும் மாட்டார், அது அவர் சுபாவத்தில் இல்லை. அவருக்குத் தெரிந்தது வரப்பு கட்டுவதும் தண்ணீர் திருப்புவதும்தான், இப்போது ஒரு வாசல் வைத்திருக்கிறார். அவர் இருமுகிற இருமலைக் கேட்டால் நாள் கடத்தலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்தால் கூட்டத்தோடு கூட்டமாக வரலாம் என்று நினைத்தேன், அதுவரை வேண்டாம், மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்ததும் கிளம்பு. அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்றுதானே எழுதினாய்? நீ சொன்ன சொல்லை மீற வேண்டாம். இது அந்த வாசல் இல்லை மக்கா, இதை இன்னும் யாரும் மிதிக்கவில்லை. காளிராஜ்கூட முடுக்கைச் சுற்றித்தான் போகிறான், அப்பா விடுவதில்லை.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல், மஞ்சளும் பூவுமாக, மனம் நிறைந்து வாழ கோமதியம்மாளை வேண்டிக்கொள்கிறேன். ரசீதாவுக்கு என் முத்தம். பதிலை இந்தத் தடவை தங்கத்தாய் விலாசத்துக்குப் போடாதே, நம் வீட்டு விலாசத்துக்கே போடு, தபால்காரர் வரும்போது அப்பாதான் வாசலில் இருப்பார், அவர் கையிலேயே வாங்கட்டும். மறந்துவிடாதே, வரும்போது பிள்ளையை நடக்கவிடாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு வா. கல் ஆடாது.

இப்படிக்கு,
உன் அம்மா
பேச்சித்தாய்